மலடி யார்? மலடன் யார்?

நம் நாட்டில் கலியாணமாகி நாலைந்து வருஷம் ஒரு வீட்டில் குழந்தை இல்லையென்றால், அதற்குக் காரணம் யார் என்று எவரும் விசாரிப்பதே கிடையாது. விசாரணை இல்லாமலே தீர்ப்பாகிவிடுகின்றது. அத்தீர்ப்பு என்னவென்றால் "அவள் மலடி" என்பதேயாகும். சாட்சி கிடையாது, சோதனை கிடையாது, எதிர்வாதம் கிடையாது, அப்பீலும் கிடையாது. தெருவில் ஒருவன் ஒரு ஆட்டைத் திருடிவிட்டான் என்றால்கூட அவனை இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் தண்டிக்கின்றோம். ஒரு பெண்ணின் வாழ்க்கையையே பாழாக்குகின்ற இந்தப் பழிக்கு மாத்திரம் ஒரு கேள்வியும் வேண்டியதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கின்றோம்.

தண்டனையோ கொஞ்ச நஞ்சமல்ல. வளைகாப்பு என்றால் அவள் முன்னால் வரக்கூடாது. மணமக்களுக்கு ஆரத்தி எடுக்க அவள் கை ஆகாது. பிறந்த பிள்ளையைத் தூக்கினால் கண்பட்டுவிடும். மாமியார் வாயில் அவளுக்குப் பெயரே கிடையாது. அரச மரத்தை அவள்தான் சுற்ற வேண்டும். நாகப் பிரதிஷ்டைக்கு அவள்தான் ஈரப் புடவையோடு நிற்க வேண்டும். இராமேஸ்வரத்துக் கிணறுகளில் அவள்தான் முழுக வேண்டும். கோயில் மரத்தில் தொட்டிலையும் அவள்தான் கட்ட வேண்டும். புருஷன் என்ன செய்கின்றான்? ரயில் சார்ஜ் கொடுக்கின்றான். அதையும் சில இடங்களில் பெண்ணின் தகப்பன் தலையிலேயே கட்டிவிடுகின்றார்கள். இத்தனைக்கும் பிறகு, "வேறு பெண் பார்க்கட்டுமா?" என்ற பேச்சு எழுகின்றது. சென்னை மாகாணத்தில் 1949-ம் வருஷத்துச் சட்டமும், தேசம் முழுமைக்கும் 1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டமும், மனைவி உயிரோடிருக்க மறு கலியாணம் செய்துகொள்ளுவதைக் குற்றமாக்கிவிட்டன. சட்டம் மாறியும் பேச்சு மாறவில்லை.

நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். குழந்தை என்பது இரண்டு பேருடைய காரியம் அல்லவா? அப்படியிருக்க, காரியம் கெட்டால் மாத்திரம் ஒருவருடைய குற்றமாவது எப்படி?

உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகத்தில் சுமார் 6 பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதாவது குழந்தைப்பேறின்மைக்கு ஆளாகின்றார். அப்படிப்பட்ட தம்பதிகளைப் பரிசோதித்துப் பார்த்த வைத்தியர்கள் கண்டது என்னவென்றால், ஏறக்குறைய பாதிப் பேரில் குறை ஆண் பக்கத்தில் இருக்கின்றது என்பதாகும். சில இடங்களில் ஆண் பக்கம் மட்டும். சில இடங்களில் இரு பக்கமும். ஆகவே பெண்ணை மாத்திரம் குற்றவாளியாக்குகின்ற நம் வழக்கத்தால் எத்தனை ஆயிரம் நிரபராதிகள் தண்டிக்கப்பட்டிருப்பார்கள் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

மீசை வேறு, விந்தணு வேறு

இதைச் சொன்னவுடன் நமது புருஷ சிங்கங்களுக்குக் கோபம் வருகின்றது. "என்னையா சொல்லுகின்றாய்? எனக்கென்ன குறை? மீசையைப் பார், குரலைப் பார்" என்கின்றார்கள். மீசைக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்பதை முதலாவதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆணின் விதையில் இரண்டு விதமான வேலை நடக்கின்றது. அங்குள்ள ஒரு வகைச் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் என்கின்ற ஒரு ரசத்தைச் செய்து இரத்தத்தில் விடுகின்றன. மீசை, தாடி, கனத்த குரல், ஆசை ஆகியவையெல்லாம் அதைக்கொண்டு வருபவை. மற்றொரு பக்கத்தில், நூல் போன்ற மெல்லிய குழாய்களுக்குள் விந்தணுக்கள் உற்பத்தியாகின்றன. முதல் வேலை மிக நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது வேலை அடியோடு நின்றுபோயிருக்கலாம். அப்படிப்பட்டவனுக்குத் தாம்பத்தியத்தில் ஒரு குறையும் தெரியாது. வெளிவரும் விந்துவும் பார்வைக்கு வழக்கம்போலவே இருக்கும். ஆனால் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் அதில் ஒரு விந்தணுகூட இராது. ஆண்களில் சுமார் 100-க்கு ஒருவர் இப்படியிருக்கின்றார்.

இந்த விந்தணுவை முதன் முதலில் கண்டவர் எந்த ரிஷியுமல்ல. ஹாலந்து தேசத்தில் டெல்ப்ட் என்ற ஊரில் ஜவுளி வியாபாரம் செய்த லீவென்ஹோக் என்பவர் 1677-ல் அதைப் பற்றி எழுதினார். அவர் எந்தச் சர்வகலாசாலையிலும் படித்தவரல்ல. பண்டிதர்களுடைய லத்தீன் பாஷையும் அவருக்குத் தெரியாது. தம் கையாலேயே கண்ணாடியைத் தேய்த்து அதன் வழியாய் உற்றுப் பார்த்தார். வாலோடு நீந்துகின்ற அணுக்களைக் கண்டார். கண்ணை மூடித் தவம் செய்தவனுக்குத் தெரியாதது, கண்ணைத் திறந்து பார்த்த வியாபாரிக்குத் தெரிந்தது.

நகல் எடுக்கும் ஆபீஸ்

அந்த விந்தணு எப்படி உண்டாகின்றது, ஏன் சிலரிடம் உண்டாவதில்லை என்பதைக் கொஞ்சம் விவரமாய்ப் பார்ப்போம். இது கடினமான சங்கதியல்ல. ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய் ஒரு பத்திரத்துக்கு நகல் வாங்கியவர் எவருக்கும் இது விளங்கும்.

நம் சரீரத்தின் ஒவ்வொரு செல்லிலும் 23 ஜதை குரோமோசோம்கள் இருக்கின்றன. அவற்றில்தான் ஜீன்கள் என்கின்ற மரபணுக்கள், சுமார் 20,000 பத்திரங்கள் போல வரிசையாக அமைந்திருக்கின்றன. இன்ன புரோட்டீனை இன்ன விதமாய்ச் செய் என்பதுதான் ஒவ்வொரு பத்திரத்திலும் உள்ள வாசகம். மூலப்பத்திரம் ஆபீசை விட்டு வெளியே போகாது. வேலை நடக்க வேண்டுமானால் அதற்கு நகல் எடுக்க வேண்டும். அந்த நகலைக்கொண்டுதான் வெளியே புரோட்டீன் தயாராகும். இப்படி நகல் எடுக்கும் வேலைக்குத்தான் ட்ரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர்.

எல்லாச் செல்லிலும் எல்லாப் பத்திரமும் இருக்கின்றதென்றால், கண்ணில் ஏன் பல் முளைப்பதில்லை? ஏனெனில், எந்த இடத்தில், எந்த வேளையில், எந்தப் பத்திரத்துக்கு நகல் எடுக்கலாம் என்று உத்திரவு போடுகின்ற குமாஸ்தாக்கள் இருக்கின்றார்கள். அந்தக் குமாஸ்தாக்களும் புரோட்டீன்களே. அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இங்கு சொல்ல வருகின்றோம். அவருக்குப் பெயர் கிரெம். பிரான்சு தேசத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் பவ்லோ சசோனே கோர்சி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1991-ல் இந்த ஜீனைக் கண்டு வெளியிட்டார்கள். மனிதனில் இது 10-வது குரோமோசோமில் இருக்கின்றது.

இந்தக் கிரெமினிடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே ஜீனிலிருந்து எடுத்த நகலைப் பலவிதமாய் வெட்டி ஒட்டுவதால் பலவிதமான கிரெம்கள் உண்டாகின்றன. சில "நகல் எடுக்கக்கூடாது" என்று தடுப்பவை. சில "எடு" என்று உத்திரவு போடுபவை. விந்தணு உற்பத்தியின் ஆரம்ப கட்டத்தில் விதையில் இருப்பது தடுக்கும் கிரெம். வேளை வந்ததும் அது மாறி, உத்திரவு போடும் கிரெம் ஏராளமாய் உண்டாகிவிடுகின்றது. இந்த மாறுதலை 1992-ல் அதே கூட்டத்தார் வெளியிட்டார்கள். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்கின்ற சிறு சுரப்பியிலிருந்து வரும் ரசம் ஒன்று இம்மாறுதலுக்குக் காரணமாயிருக்கின்றது என்பதையும் மறு வருஷத்தில் காட்டினார்கள்.

அந்த உத்திரவுக்கு ஏன் அவ்வளவு அவசரம்? விந்தணு ஒன்று முழுசாய் உண்டாவதற்குச் சுமார் இரண்டரை மாதம் ஆகின்றது. குரோமோசோம்கள் பாதியாய்ப் பிரிந்த பிறகு அது ஒரு சின்ன உருண்டைச் செல்லாய் இருக்கின்றது. அதற்கு அப்போது வாலும் கிடையாது, கூர்த்தலையும் கிடையாது. அந்த உருண்டைதான் நீண்டு, வால் முளைத்து, தலை சுருங்கி, பிரயாணத்துக்குத் தயாராக வேண்டும். தலை சுருங்க வேண்டுமானால் உள்ளேயிருக்கும் பத்திரக் கட்டை மிகவும் இறுக்கிக் கட்ட வேண்டும். சாதாரணக் கயிறாகிய ஹிஸ்டோனை அவிழ்த்துவிட்டு, புரோட்டமீன் என்ற வேறு கயிற்றால் கட்டுகின்றது. அப்படிக் கட்டிய பிறகு எந்தப் பத்திரத்தையும் பிரித்து நகல் எடுக்க முடியாது. ஆபீஸ் மூடிவிடும். ஆகவே, இனி வேண்டியிருக்கும் நகல்களையெல்லாம் ஆபீஸ் மூடுவதற்கு முன்பே எடுத்துச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். புரோட்டமீனைச் செய்வதற்கான நகல் முதற்கொண்டு அப்படித்தான் முன்னதாக எடுத்துவைக்கப்படுகின்றது. அந்தக் கடைசி நேரத்து உத்திரவுகளைப் போடுபவர்தான் கிரெம்.

அந்தக் குமாஸ்தா வேலைக்கு வராவிட்டால் என்ன நடக்கும்? வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் இதையும் சோதித்தே பார்த்தார்கள். 1996-ல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு கூட்டத்தாரும், ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்தில் கூந்தர் ஷூட்ஸ் என்பவருடைய கூட்டத்தாரும், தனித்தனியே கிரெம் ஜீன் இல்லாத சுண்டெலிகளை உண்டாக்கிப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பலன். ஆண் எலியில் விந்தணு உற்பத்தி உருண்டைச் செல் வரையில் வந்து அதோடு நின்றுவிட்டது. மேற்கொண்டு வேண்டிய ஜீன்களுக்கு நகல் எடுக்கப்படவில்லை. நின்றுபோன செல்கள் தாமாகவே மடிந்தன. முழு விந்தணு ஒன்றுகூட இல்லை. ஆண் எலி மலடு. அதே ஜீன் இல்லாத பெண் எலியோ தாராளமாய்க் குட்டி போட்டது!

எலியோடு போயிற்றா? இல்லை. விந்தணு உற்பத்தி இதே உருண்டைக் கட்டத்தில் நின்றுபோன மனிதர்களுடைய விதைத் தசையைச் சோதித்தபோது, உத்திரவு போடும் கிரெம் அங்கே இல்லாமலோ மிகக் குறைந்தோ காணப்பட்டது என்று 1998-ல் வெளியாயிற்று. பிள்ளையில்லாத ஆண்கள் எல்லோருக்கும் இதுவே காரணம் என்று நாம் சொல்லவில்லை. காரணங்கள் பல உண்டு. வயது வந்த பிறகு பொன்னுக்குவீங்கி கண்டு விதை கெட்டவர் உண்டு. விதை நரம்பு புடைத்தவர் உண்டு. குழாய் அடைபட்டவர் உண்டு. ஆணுக்கு மாத்திரமே உள்ள ஒய் குரோமோசோமில் ஒரு துண்டு அறுந்து போயிருப்பவரும் உண்டு. இத்தாலியில் டியப்போலோ, சுப்பார்டி என்ற இருவர் 1170 பேரைப் பரிசோதித்து, விந்தணுவே இல்லாத 6 பேரிடம் இதைக் கண்டு 1976-ல் வெளியிட்டார்கள். நாம் சொல்லுவதெல்லாம், இவற்றில் ஒன்றாவது மனைவியின் வயிற்றில் இருக்கின்றதா என்பதுதான். இவையெல்லாம் புருஷன் விதையில் இருக்க, மனைவி அரச மரத்தைச் சுற்றினால் என்ன பிரயோசனம்?

நோயாளி ஒருவர், மருந்து வேறொருவருக்கு

இனி நமது சாஸ்திர புராணங்களைப் பார்ப்போம். மலடியாயிருப்பவளை எட்டாவது வருஷத்தில் நீக்கி வேறொருத்தியைக் கட்டிக்கொள்ளலாம் என்று மனுதர்ம சாஸ்திரம் 9-வது அத்தியாயம் 81-வது சுலோகம் சொல்லுகின்றது. பெண் குழந்தையாகவே பெற்றவளையும் பதினோராவது வருஷத்தில் நீக்கலாமாம்! பிறப்பது ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது புருஷனுடைய விந்தணுவே என்பது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். தான் கொடுத்த சரக்குக்கு அவளைத் தண்டிப்பது என்ன நியாயம்?

புராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தசரத மகாராஜாவுக்குப் பட்ட மகிஷிகள் மூவர். மூவருக்கும் பிள்ளை இல்லை. மூன்று பேரும் ஒரே சமயத்தில் மலடிகளாயிருப்பார்களா, அல்லது மூவருக்கும் பொதுவான ஒருவரிடத்தில் குறை இருக்குமா? மாடு வளர்க்கும் குடியானவன்கூட, மூன்று பசுவும் சினைப்படாவிட்டால் காளையை மாற்றிப் பார்ப்பானே! ஆனால் யாகம் செய்து பாயசம் வந்தபோது அதை யார் குடித்தது? மூன்று பெண்களும் குடித்தார்கள். நோயாளி ஒருவர், மருந்து வேறொருவருக்கு!

பாரதத்தில் இது இன்னும் பச்சையாகவே இருக்கின்றது. விசித்திரவீரியன் இரண்டு மனைவியரை வைத்துக்கொண்டு பிள்ளையில்லாமல் மாண்டான். பிறகு வியாசர் வந்தார். அதே இரண்டு பெண்களுக்கும் பிள்ளை பிறந்தது. பெண்கள் மாறவில்லை, ஆண் மாறினான், பிள்ளை வந்தது. இதைவிடத் தெளிவான சோதனை வேறென்ன வேண்டும்? தங்கள் புராணத்தையே ஒழுங்காய்ப் படித்திருந்தால் இவர்கள் எந்தப் பெண்ணையும் மலடி என்று சொல்லத் துணிந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு ஒரு சாரார் சமாதானம் சொல்லுகின்றார்கள். "நமது வைத்திய சாஸ்திரத்தில் சுக்கில தோஷம் சொல்லப்பட்டிருக்கின்றது, ரிஷிகளுக்கு எல்லாம் தெரியும்" என்கின்றார்கள். 2019-ல் ஜலந்தர் நகரத்தில் கூடிய இந்திய சயன்ஸ் காங்கிரசில், ஒரு சர்வகலாசாலையின் துணைவேந்தரே, கௌரவர் நூறு பேரும் சோதனைக்குழாய் முறையில் பிறந்தவர்கள் என்று பேசினார். நல்லது, தெரிந்தேயிருக்கட்டும். அப்படியானால் குற்றம் குறைகின்றதா, அதிகமாகின்றதா? ஆணிடத்திலும் குறை உண்டு என்பது தெரியாமல் பெண்ணைத் தண்டித்தால் அதை அறியாமை என்று சொல்லலாம். தெரிந்தும் தண்டித்தார்கள் என்றால் அதற்கு அயோக்கியத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் உண்டா?

மற்றொரு சாரார், "நாங்கள் தலையெழுத்து என்பதைத்தானே நீங்கள் ஜீன் என்கின்றீர்கள்?" என்று கேட்டுச் சிரிக்கின்றார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. தலையெழுத்தை எவராவது படித்ததுண்டா? அதில் எந்த எழுத்து தப்பு என்று காட்டியதுண்டா? ஜீனை எழுத்தெழுத்தாய்ப் படிக்கின்றார்கள். எந்த இடத்தில் எந்த எழுத்து மாறியிருக்கின்றது என்று சொல்லுகின்றார்கள். அன்றியும் தலையெழுத்து என்று சொன்னால் காரியம் அதோடு முடிந்தது. ஜீனில் குறை என்று தெரிந்தால் அங்கேதான் காரியம் ஆரம்பிக்கின்றது. விந்தணு மிகக் குறைவாயிருப்பவருக்கும், ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தி, பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் 1992-ல் பிள்ளை உண்டாக்கிக் காட்டினார்கள். எந்தத் தலையெழுத்தை எவர் ஊசிகொண்டு திருத்தினார்?

இன்னும் ஒருவர், "பிள்ளையில்லாதவனுடைய குறை பிள்ளைக்கு எப்படி வரும்? ஆகவே மலடு ஜீனால் வருமென்பது புளுகு" என்று புத்திசாலித்தனமாய்க் கேட்கின்றார். கேள்வி நியாயமானதே. பதில் என்னவென்றால், கிரெம் போன்ற ஜீன் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கின்றது. ஒன்று தகப்பனிடமிருந்து வந்தது, மற்றொன்று தாயிடமிருந்து வந்தது. இவ்வகை ஜீன்களில் பலவற்றுக்கு, ஒரு பிரதி கெட்டாலும் மற்றொன்று வேலையைச் சமாளித்துவிடும். தகப்பனிடம் ஒரு கெட்ட பிரதி, தாயிடம் ஒரு கெட்ட பிரதி. இருவருக்கும் ஒரு குறையும் தெரியாது. இரண்டும் ஒரே மகனிடம் வந்து சேர்ந்தால் அவனிடத்தில் குறை வெளிப்படும். ஒரே குடும்பத்துக்குள்ளேயே அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டிக்கொண்டே வந்தால், ஒரே மாதிரிக் கெட்ட பிரதிகள் இரண்டு ஒன்றுசேருவதற்கு வழி அதிகமாகின்றது. சொத்து வெளியே போகக்கூடாது என்று கட்டுகின்றார்கள். குறையும் வெளியே போகாமல் தங்கிவிடுகின்றது.

இதில் வம்சப் பெருமைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வம்சம், கோத்திரம் எல்லாம் ஆண்வழியில்தான் ஓடுகின்றதென்று பேசுகின்றார்களே, அந்த ஆண் விந்தணுவை உண்டாக்குவதற்கு வேண்டிய கிரெம் ஜீனில் ஒரு பிரதி அவன் தாய் கொடுத்தது. தாய் தந்த பத்திரத்தையும் வைத்துக்கொண்டுதான் தகப்பனாகின்றான். அது மாத்திரமல்ல. இந்த ஜீனுக்கு எலியிலும் அதே வேலை, மனிதனிலும் அதே வேலை. எலிக்கும் மனிதனுக்குமே இதில் பேதமில்லாதபோது, பார்ப்பானுக்கு ஒன்று பறையனுக்கு ஒன்று என்று வேறாயிருக்குமா? இரத்த சுத்தம் பேசுகின்றவர்கள் பூதக்கண்ணாடிக்கு முன் வந்து காட்டட்டும் பார்ப்போம்.

செய்ய வேண்டியது என்ன?

செய்ய வேண்டியது மிகச் சுலபம். குழந்தை இல்லையென்று மருமகளைக் கோயிலுக்கும் வைத்தியரிடமும் இழுத்துக்கொண்டு போவதற்கு முன்னால், மகனை விந்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பெண்ணுக்குச் செய்கின்ற சோதனைகளில் வலியும் செலவும் அதிகம். ஆணுக்கோ கத்தியில்லை, ஊசியில்லை. இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரையில் விலகியிருந்து, ஒரு சீசாவில் விந்துவைக் கொடுத்தால் போதும். ஒரு மில்லி லிட்டரில் எத்தனை விந்தணு, அவற்றில் எத்தனை நீந்துகின்றன என்று எண்ணிச் சொல்லிவிடுவார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் குறித்த கீழ் அளவு ஒரு மில்லி லிட்டருக்கு 160 லட்சம். அதற்குக் குறைந்தவரெல்லாம் பிள்ளை பெற முடியாதவர் என்பதல்ல. குறைந்தால் மறுபடியும் சோதித்து, மேற்கொண்டு காரணத்தைத் தேட வேண்டும் என்பதுதான் பொருள். அடைப்பும் நரம்புப் புடைப்பும் ரணசிகிச்சையால் சரிப்படுவதுண்டு. ரசக் குறைவுக்கு மருந்துண்டு.

நிற்க, ஒரு எச்சரிக்கை. கோயில் பூசாரியிடமிருந்து தப்பி, லாட்ஜில் அறை எடுத்து ஊர் ஊராய் வருகின்ற "ஆண்மை" வைத்தியரிடம் போய் விழாதீர்கள். லேகியம் தின்று கிரெம் ஜீனுக்கு உத்திரவு போட முடியாது. விந்தணுவை எண்ணிப் பார்க்காமலே மருந்து கொடுக்கிறவன், ஜாதகத்தைப் பார்த்துப் பரிகாரம் சொல்லுகிறவனுக்கு அண்ணன் தம்பியே ஆவான்.

எல்லாம் செய்தும் பிள்ளை இல்லையென்றே முடிவானால்? அதனால் என்ன கெட்டுப்போயிற்று? புத் என்ற நரகத்திலிருந்து கரையேற்றப் பிள்ளை வேண்டுமென்பவன் வேண்டுமானால் அழட்டும். நரகம் என்பதே புளுகு என்று கண்டவர்களுக்கு அழுகை எதற்கு? வளர்க்க ஆசையிருந்தால், வளர்ப்பாரில்லாத குழந்தைகள் இருக்கின்றன; சட்டப்படி எடுத்து வளர்க்கலாம். ஆசையில்லையென்றால் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாய்ச் சுகமாய் வாழலாம். பெண் என்பவள் பிள்ளை பெறுகிற யந்திரமல்ல என்பதோடு, ஆண் என்பவனும் வம்ச விளக்கேற்றுகின்ற தீக்குச்சியல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுகின்றோம்.

இவ்வளவும் சொன்னதன் கருத்து, இதுவரையில் பெண்ணை மலடி என்று ஏசியவர்கள் இனி ஆணை மலடன் என்று ஏச வேண்டுமென்பதல்ல. கண் மங்கியவனைக் குருடன் என்று ஏசுவது எவ்வளவு இழிவோ அவ்வளவு இழிவு இதுவும். ஒரு செல்லுக்குள் ஒரு பத்திரத்துக்கு நகல் எடுபடாமல் போனது எவருடைய பாவமுமல்ல, எவருடைய சாபமுமல்ல. ஏசுவதற்கு இங்கே ஆளே இல்லை. ஆனால் ஆராயாமல் பழி போடுகின்ற பழக்கம் ஒன்று இருக்கின்றது. அதைத்தான் ஒழிக்க வேண்டும்.

ஆகவே, தோழர்களே! உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, பஞ்சாயத்திலோ எவராவது ஒரு பெண்ணைக் காட்டி "மலடி" என்று வாயெடுத்தால், சண்டை போட வேண்டாம், பிரசங்கம் செய்ய வேண்டாம். "புருஷனுடைய பரிசோதனைச் சீட்டு எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதைக் காட்ட முடியாதவனுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல யோக்கியதை இல்லை. அதைப் பார்த்து, காரணத்தை அறிந்துகொண்டவனுக்கோ அந்தச் சொல்லைச் சொல்லவே மனம் வராது.